பழைய மோட்டார் வண்டிகளில் முன் விளக்குகள் சிமிட்டுதலும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையும்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடியானவர்களுக்கு இராப் பிரயாணம் தவிர்க்க முடியாத ஒன்றாகும். விளைபொருளை விடியுமுன் சந்தையில் சேர்ப்பதும், பாம்புக்கடியிலோ பிரசவ வேதனையிலோ தவிப்பவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், கச்சேரி வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவதும் பெரும்பாலும் இருட்டிலேயே நேருகின்றன. அச்சமயத்தில் வண்டியின் முன் விளக்குகள் ஒரு நொடி எரிந்தும் மறு நொடி மங்கியும் சிமிட்டத் தொடங்குமாயின், அதனால் விளையக்கூடிய அபாயம் சாமானியமானதன்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. விளக்கு இரண்டு நொடி அணைந்தால், ஓட்டுபவர் 22 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமானமாகும். மூன்று பார வண்டிகளை மாடுகளுடன் வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம் இது. விளக்கில்லாத கட்டை வண்டியும், களத்திலிருந்து திரும்பும் ஆட்களும், சாலையோரம் படுத்திருக்கும் கால்நடைகளும் அந்தத் தூரத்துக்குள் இருக்கக்கூடும்.

இப்பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் மிக அற்பமானது. ஆயினும் முறை தெரியாமல் பல்பையும் பாட்டரியையும் டைனமோவையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் பலர். ஒரு வோல்ட்மீட்டரும், இரண்டு ஸ்பானர்களும், உப்புத்தாளும், சிறிது பொறுமையும் இருந்தால் குடியானவரே தம் வண்டிக் கொட்டகையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அம்முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

வடசென்னையும் பழைய வண்டிகளும்

சென்னைக்கு வடக்கே கடலை ஒட்டியுள்ள எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியை 1948-ஆம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பவர் நிறுவினார். இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ-40 கார்கள் 1949 முதல் அங்கே பொருத்தப்பட்டு வெளிவரலாயின. 1955-இல் அக்கம்பெனி அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிகளையும் பஸ்களையும் செய்யும் தொழிலில் ஈடுபட்டது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. 1960-இல் தோன்றிய டாபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் டிராக்டர்கள் செம்பியத்துத் தொழிற்சாலையிலிருந்து கிராமங்களுக்கு வந்தன. இவ்வாறு தமிழ்நாட்டுக் குடியானவர்களின் கொட்டகைகளில் இன்றும் நிற்கும் பழைய வண்டிகளிற் பல, வடசென்னையில் உருப்பெற்றவையே.

ஆஸ்டின் ஏ-40 வண்டியின் மின்சார அமைப்பு 12 வோல்ட் கொண்டது. டைனமோவினால் மின்சாரம் ஊட்டப்படுவது. இக்காலத்து வண்டிகளுக்கு மாறாக, அதில் பாட்டரியின் பாஸிடிவ் முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் பிற்காலத்தில் இவ்வமைப்பை மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே வேலை தொடங்குமுன் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது முதற் கடமை. அதைப் பாராமல் புதுப் பாட்டரியை மாற்றி இணைத்தால் டைனமோவும் ரெகுலேட்டரும் கெடும்.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலும், அதற்கப்பால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலும் உள்ள வண்டிகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கடற்காற்றில் கலந்துள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இணைப்புகளில் படிகிறது. செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பிடிக்கின்றன. இரும்புத் தகட்டில் துரு ஏறுகிறது. களிம்பும் துருவும் மின்சாரத்தைத் தாராளமாகச் செல்லவிடா. உள்நாட்டுக் கிராமத்தில் பல ஆண்டுகள் கெடாமலிருக்கும் இணைப்பு, கடற்கரையில் சில பருவங்களுக்குள்ளேயே கெட்டுவிடுகிறது.

மின்சாரம் செல்லும் வழி

ஏரியிலிருந்து மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி, வயலிற் பாய்ந்து, வடிகால் வழியாக வெளியேறும் நீரைப் போன்றதே இம்மின்சாரமும். பாட்டரி ஏரியாகும், வோல்ட் என்பது நீர்மட்டத்தின் உயரம், ஆம்பியர் என்பது பாயும் நீரின் அளவு. விளக்கு ஸ்விட்சு தலை மதகு. காலால் மிதித்து ஒளியைத் தாழ்த்தும் டிப் ஸ்விட்சு, நீரை இரு கிளை வாய்க்கால்களில் ஒன்றுக்குத் திருப்பும் மடை. பல்பு வயல். பல்பிலிருந்து வண்டியின் உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் பாதை வடிகால். இதையே மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்பர்.

வாய்க்கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வடிகால் அடைபட்டால் நீரோட்டம் நின்றுவிடும். அதுபோலவே எர்த் இணைப்பு துருவேறினால் விளக்கு மங்கும். வண்டி குலுங்கும்போது அவ்விணைப்பு தொட்டும் தொடாமலும் இருந்தால் விளக்கு சிமிட்டும். பழைய வண்டிகளில் அதிகமாகக் கெடுவதும், குறைவாகக் கவனிக்கப்படுவதும் இந்த வடிகாலே.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 36 வாட் பல்புகள் இரண்டு எரியும்போது 72 வாட் செலவாகிறது; 12 வோல்ட் அமைப்பில் இதற்கு 6 ஆம்பியர் தேவை. இரண்டுக்கும் பொதுவான எர்த் இணைப்பில் 0.2 ஓம் தடை ஏற்பட்டால், 1.2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். இது பத்தில் ஒரு பங்கு நஷ்டமே எனினும், இழையுள்ள பல்புகளில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். அற்பத் துருவினால் பெரும் இருட்டு நேருவதன் இரகசியம் இதுவே.

நோய்க்குறி அறிதல்

வைத்தியன் நாடி பார்ப்பதுபோல, கருவியைத் தொடுமுன் குறிகளை ஆராய வேண்டும். இருட்டிய பின் வண்டியைச் சுவரெதிரே ஐந்து மீட்டர் தூரத்தில் நிறுத்தி, விளக்கை ஏற்றிக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. ஒரு விளக்கு மட்டும் சிமிட்டுகிறதா? அவ்வாறாயின் பழுது அந்த விளக்குக்கு அருகிலேயே உள்ளது. பல்பு அதன் கூட்டில் தளர்ந்திருக்கலாம். கூட்டிலுள்ள வில் வலுவிழந்திருக்கலாம். அல்லது அவ்விளக்கின் எர்த் கம்பியோ இணைப்புக் குழலோ களிம்பேறியிருக்கலாம். பாட்டரியையும் டைனமோவையும் தொட வேண்டிய அவசியம் இல்லை.

2. இரண்டு முன் விளக்குகளும் சேர்ந்து சிமிட்ட, பின் விளக்கு நிலையாக எரிகிறதா? அப்போது ஒளியைத் தாழ்த்திப் பார்க்கவும். உயர்ந்த ஒளியில் மட்டும் அல்லது தாழ்ந்த ஒளியில் மட்டும் சிமிட்டினால், டிப் ஸ்விட்சிலோ அதிலிருந்து செல்லும் அந்தக் கிளைக் கம்பியிலோ பழுது. டிப் ஸ்விட்சு தரையில், சேறும் நீரும் படும் இடத்தில் இருப்பதால் எளிதில் கெடும். இரு ஒளியிலும் சிமிட்டினால், விளக்கு ஸ்விட்சிலிருந்து டிப் ஸ்விட்சு வரையுள்ள வழியிலோ, இரு விளக்குகளுக்கும் பொதுவான எர்த்திலோ பழுது.

3. எல்லா விளக்குகளும் சேர்ந்து சிமிட்டி, ஹாரனின் ஒலியும் தளர்கிறதா? பழுது தலைப்பில் உள்ளது: பாட்டரி முனைகள், பாட்டரியை உடலோடு சேர்க்கும் பின்னற் பட்டை, பாட்டரியிலிருந்து ரெகுலேட்டர் பெட்டிக்கு வரும் தடித்த கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. என்ஜின் ஓடும்போது மட்டும் சிமிட்டுகிறதா? என்ஜினை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, மட்கார்டுகளை உள்ளங்கையால் தட்டியும் வண்டியை அசைத்தும் பார்க்கவும். அப்போது சிமிட்டினால் பழுது இணைப்புகளில் உள்ளது. அசையாத ஒளி கிடைத்து, என்ஜினை ஓட்டியதும் சிமிட்டல் தோன்றினால், டைனமோவையும் ரெகுலேட்டரையும் சந்தேகிக்கலாம். எனினும் என்ஜினின் அதிர்ச்சியினால் தளர்ந்த இணைப்பும் இக்குறியைக் காட்டுமாதலால், இணைப்புகளை முதலில் சோதித்தே தீர்மானிக்க வேண்டும்.

5. சில நொடிகளுக்கு ஒருமுறை, ஒரே தாளத்தில், முற்றிலும் அணைந்து மறுபடி எரிகிறதா? ஜீப்புகளிலும் அமெரிக்க வண்டிகளிலும் விளக்குச் சுற்றில் பியூஸுக்குப் பதிலாக, சூடேறினால் தானே பிரியும் காப்பு ஒன்று உண்டு. கம்பி எங்கோ உடலில் உராய்ந்து மின்சாரம் மிகுதியாகப் பாய்வதன் எச்சரிக்கை அது. அவ்வண்டியைச் சீர்செய்யாமல் ஓட்டலாகாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் முன் விளக்குச் சுற்றுக்குப் பியூஸோ காப்போ கிடையாது. அவற்றில் கம்பி உராய்ந்தால் எச்சரிக்கையின்றியே தீப்பிடிக்கக்கூடும்.

வோல்ட்மீட்டர்ச் சோதனை

குறிகளைக் கொண்டு ஊகித்ததை அளவினால் உறுதி செய்வது நலம். 0 முதல் 20 வோல்ட் வரை காட்டும் வோல்ட்மீட்டர் போதுமானது. முள் எதிர்த் திசையில் அசைந்தால் அதன் முனைகளை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியை அளக்கவும். முழுதும் ஊட்டம் பெற்ற பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறக்குறைய பாதி ஊட்டமே. பாட்டரி சோர்ந்திருந்தால் அதை ஊட்டிய பிறகே மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, முன் விளக்குகளை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியில் உடலோடு சேர்ந்துள்ள முனையிலும், மற்றொன்றைப் பல்புக் கூட்டின் உலோக உடலிலும் வைக்கவும். வடிகால் சுத்தமாயிருந்தால் முள் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் பழுது என்பது நிச்சயம்.

மூன்றாவது, ஒரு முனையைப் பாட்டரியின் மற்ற முனையிலும், மற்றொன்றைப் பல்புக்கு மின்சாரம் வரும் இணைப்பிலும் வைக்கவும். கம்பியின் நீளத்தினால் அரை வோல்ட் அளவு இழப்பு இயல்பு. அதற்கு மேற்பட்டால், பாட்டரியிலிருந்து படிப்படியாக ரெகுலேட்டர் பெட்டி, விளக்கு ஸ்விட்சு, டிப் ஸ்விட்சு, மட்கார்டின் உட்புறத்து இணைப்புக் குழல் என்று முனையை நகர்த்தி அளந்து வரவும். எந்த இரு இடங்களுக்கு இடையில் அளவு திடீரென்று ஏறுகிறதோ, அங்கேதான் பழுது. வாய்க்காலில் நீர் குறையும் இடத்தைக் கரையோரம் நடந்து பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு இது ஒப்பாகும்.

வோல்ட்மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு மீட்டர் தடித்த கம்பியைக் கொண்டு சோதிக்கலாம். அதன் ஒரு முனையைப் பல்புக் கூட்டின் உலோக உடலிலும், மறு முனையைப் பாட்டரியின் உடல் சேர்ந்த முனையிலும் அழுத்திப் பிடித்தவுடன் சிமிட்டல் நின்று ஒளி ஏறுமாயின், எர்த் பழுதே காரணம். பாட்டரியின் மற்ற முனையில் அக்கம்பி தவறியும் படக்கூடாது.

ஓர் உதாரணம்

பொன்னேரிப் பக்கத்துக் குடியானவர் ஒருவரிடம் ஆஸ்டின் ஏ-40 வண்டி உள்ளது என்று கொள்க. மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போதெல்லாம் இரு முன் விளக்குகளும் சிமிட்டுகின்றன. பல்புகள் புதியவை, பாட்டரியும் புதியது, பலனில்லை. கூர்ந்து பார்க்கையில், முன்புறத்துச் சிறு விளக்குகளும் சேர்ந்து சிமிட்டுகின்றன. பின் விளக்கோ நிலையாக எரிகிறது. ஹாரனின் ஒலியும் குன்றவில்லை.

ஹாரனும் பின் விளக்கும் ஒழுங்காயிருப்பதால் பாட்டரி முனைகள் குற்றமற்றவை. முன்புறச் சிறு விளக்குக்கும் பின் விளக்குக்கும் ஸ்விட்சில் ஒரே முனையிலிருந்து மின்சாரம் செல்கிறது. பின் விளக்கு நிலையாக இருப்பதால் அம்முனை பழுதன்று. முன் விளக்குகளுக்கும் முன்புறச் சிறு விளக்குகளுக்கும் மின்சாரம் வருவது வெவ்வேறு கம்பிகளில். அவற்றுக்குப் பொதுவாக உள்ளது முன்புற எர்த் ஒன்றே. அளந்து பார்த்தால், மின்சாரம் வரும் வழியில் 0.3 வோல்ட், எர்த் வழியில் 1.4 வோல்ட். மட்கார்டின் உட்புறத்தில் எர்த் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் திருகாணியைக் கழற்றினால், அதனடியில் துரு அடைபோலப் படிந்திருக்கும். தகட்டைப் பளபளப்பாகும்வரை சுரண்டி, திருகாணியை மாற்றி இறுக்கியதும் குறை தீர்ந்துவிடும். செலவு சில ரூபாய். அதற்குமுன் வீணானது ஒரு பாட்டரியின் விலை.

டைனமோவும் ரெகுலேட்டரும்

இணைப்புகளெல்லாம் சுத்தமாயிருந்தும் என்ஜின் ஓடும்போது சிமிட்டல் நீங்காவிடில், கீழ்க்கண்ட ஒழுங்கில் பார்க்க வேண்டும்.

விசிறி பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதிகமாக அமுங்கினால் பெல்ட் வழுக்கி, டைனமோ சரியாகச் சுழலாது. அடுத்து, டைனமோவின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா, கூட்டில் சிக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பெட்ரோல் முழுதும் உலர்ந்த பிறகே என்ஜினை ஓட்டவும். துணிக்கு நீங்காத கறையை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். கறுப்பு எமரித் தாள் ஆகாது, அதன் பொடி கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் தங்கிக் கேடு செய்யும்.

என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டிப் பாட்டரி முனைகளில் அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். வேகம் கூடக்கூட 16 வோல்ட்டையும் தாண்டினால் ரெகுலேட்டர் அடங்கவில்லை என்பது பொருள். பல்புகள் அடிக்கடி உயிர்விடுவதும், பாட்டரி நீர் விரைவில் வற்றுவதும் இதன் குறிகள். முள் இடைவிடாது துள்ளினால் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். ரெகுலேட்டரைத் திருத்துவது பழகிய கைக்கே உரிய வேலை. அதைக் குடியானவர் திருகிப் பார்ப்பது தகாது.

என்ஜின் மிக மெதுவாக ஓடும்போது விளக்கு சற்று மங்குவதும், வேகம் கூட்டினால் தெளிவதும் டைனமோ வண்டிகளின் இயல்பே. அதைப் பழுதென்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம்.

செய்யத்தகாதவை

பாட்டரியைக் கழற்றும்போது உடலோடு சேர்ந்த கம்பியை முதலிலும், பொருத்தும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். பாட்டரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியதாதலால், அதனருகில் பீடி, தீக்குச்சி ஆகா. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுவது வைக்கோற் போருக்கு அருகில் கொள்ளியை வைப்பதற்குச் சமம்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளைப் போடுவோரும் உண்டு. அத்தகைய இரண்டு பல்புகளுக்கு 16 ஆம்பியருக்கு மேல் தேவை. அக்காலத்து டைனமோ தரக்கூடியது மொத்தமே சுமார் 20 ஆம்பியர். இக்னிஷனுக்கும் மற்ற விளக்குகளுக்கும் பிறகு பாட்டரிக்கு ஊட்டம் மிஞ்சாது. பழைய கம்பிகளும் ஸ்விட்சும் அச்சூட்டைத் தாங்கமாட்டா. உள்ள பல்புக்குரிய வோல்ட்டை முழுதும் கிடைக்கச் செய்வதே வெளிச்சத்துக்குச் சரியான வழி.

கடற்கரைப் பக்கத்தில் வேண்டிய பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், எல்லா எர்த் இணைப்புகளையும் கழற்றிச் சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும். இறுக்கிய பின் தடவுவதே முறை. பாட்டரி முனைகளில் பூக்கும் வெண்மைப் படிவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்நீர் பாட்டரிக்குள் இறங்காதபடி மூடிகளை இறுக்கிக்கொள்ளவும். வெள்ளிப் பூச்சுள்ள பழைய பிரதிபலிப்புக் கிண்ணங்களை அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும். பழைய உறுப்புகள் தேவைப்படுவோர் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடலாம். ஆயினும் பழைய ஸ்விட்சையும் ரெகுலேட்டரையும் சோதியாமல் வாங்கலாகாது.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

ஓட்டுபவரின் விளக்கு சீராயிருப்பது பாதிப் பாதுகாப்பே. கட்டை வண்டிகளின் பின்புறத்திலும், கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களின் பின்புறத்திலும் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லைகள் பதிக்கப்பட்டிருந்தால், மங்கிய விளக்கிலும் அவை கண்ணுக்குப் புலப்படும். அறுவடைக் காலத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லி, வில்லைகள் பதிக்கச் செய்வார்களாயின் பெரும் நன்மை விளையும்.

சுருங்கச் சொன்னால்: முதலில் குறியைப் பார்க்க, இரண்டாவது எர்த் இணைப்பைச் சோதிக்க, மூன்றாவது மின்சாரம் வரும் வழியை அளக்க, கடைசியாகவே டைனமோவைத் தொடுக. இவ்வொழுங்கு மாறாதவர் ஒரு மாலைப் பொழுதிலேயே பழுதைக் கண்டுகொள்வர். விளக்கு சிமிட்டத் தொடங்கிய நாளிலேயே அதைச் சீர்செய்யாதவர், இன்னும் ஒருமுறை போய்வரலாம் என்று துணிந்து புறப்படும் இரவிலேயே அது முற்றும் அணையக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.